கழுத்து வரை நிரப்பிய சீசா

நம் பள்ளிக்கூடத்துக் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. உங்களில் ஒருவர் அனுப்பியதுதான். குளியலறை கழுவுகிற திரவம் ஒன்று, வெள்ளைத் துணிக்குப் போடுகிற திரவம் ஒன்று. இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி, மூடி, குலுக்கி வைத்துக்கொண்டால் டைல்ஸ் எல்லாம் கண்ணாடியாகப் பளபளக்குமாம். கீழே வரிசையாகக் கட்டைவிரல் காட்டியிருந்தீர்கள். ஒருத்தி கைகூடக் கூப்பியிருந்தாள்.

நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "என்னடி, இருக்கியா போயிட்டியா?" என்று கேட்டீர்கள். இருக்கிறேன். நாலு வரி எழுதுவேன், விரல் வலிக்கும், எழுந்துபோய்ப் படுத்துவிடுவேன். மறுபடி வந்து உட்காருவேன். ஐந்து நாளாக இதே பிழைப்பு. நம் வயசில் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அதை எதற்காக ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோய்விடுகிறது. இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் வீட்டுக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். எந்தப் பாட்டிலின் மூடியும் இறுக்கமாக இருக்காது. எண்ணெய், வினிகர், கழிவறைக்கு வாங்கி வைத்தது, எல்லாவற்றையும் ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் நகர்வேன். "அத்தை, ஊறுகாயெல்லாம் பூசணம் புடிக்குதுங்க" என்று மருமகள் தலையில் அடித்துக்கொள்வாள். அவளுக்குக் காரணம் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் கடைசிவரை தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. நாமக்கல்லுக்கு வெளியே, சேந்தமங்கலம் போகிற சாலையோரம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஐந்து வாசல், ஒரே ஓட்டுக் கூரை. முதல் வீட்டில் ஒரு பெரியம்மா. வீட்டுச் சொந்தக்காரர் எருமப்பட்டியில் காடு தோட்டம் வைத்திருந்தார்; இந்தப் பெரியம்மா அவருக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை. அதனால் லைனில் அவர் வைத்ததுதான் சட்டம். இரண்டாவது வீட்டில் பாயும் பாயம்மாவும். மூன்றாவது பூட்டியே கிடக்கும், உள்ளே சொந்தக்காரரின் கடலைக்காய் மூட்டைகள். நாலாவது நாங்கள். என் அப்பா லாரி பாடி கட்டுகிற பட்டறையில் பெயின்டர். ஐந்தாவது வீட்டில் ஓர் அக்கா, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவர். அவர் வீட்டுக்காரர் லாரி டிரைவர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் இருபது நாள் ஆகும் முகம் பார்க்க.

நாலு குடும்பத்துக்கும் பின்பக்கம் ஒரே கழிவறை. வாரம் ஒரு வீடு கழுவ வேண்டும். முறை மாறுகிற வெள்ளிக்கிழமை ஒரு விளக்குமாறும், தகர டப்பா ஒன்றும், பழுப்புக் கண்ணாடியில் தடித்த சீசா ஒன்றும் அடுத்த வீட்டு வாசலுக்குப் போகும். ஒரு காலத்தில் பழச்சாறு வந்த சீசா. கருப்புத் திருகு மூடி. அதில்தான் கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட் இருக்கும். அதற்கு 'முறை சீசா' என்று பேர்.

அந்தச் சீசாவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வாங்கும்போது எப்படி நிரம்பியிருந்ததோ அப்படியே, கழுத்து வரை நிரப்பித்தான் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். இது யார் போட்டதென்று கேட்கவே வேண்டாம். முறை மாறுகிற அன்று பெரியம்மா கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டு உட்கார்ந்துகொள்வார். சீசாவை எடுத்துக்கொண்டுபோய் அவருக்குக் காட்டிவிட்டுத்தான் அடுத்த வாசலில் வைக்க வேண்டும்.

ஒரு தடவை எங்கள் அம்மா நாலு விரல் குறைவாகக் கொண்டுபோனார். பெரியம்மா சீசாவையும் அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"என்ன அம்மிணி, சீசா இடுப்பளவு தண்ணியில நிக்குது? குளிக்கப் போவுதா?"

லைனே சிரித்தது. பாயம்மா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. சீசா குறைவது ஓர் அவமானமா என்று இப்போது நமக்குத் தோன்றும். நாலு பேர் நெருக்கியடித்து வாழ்கிற இடத்தில் மானத்தை எதில் வேண்டுமானாலும் ஊற்றி வைப்பார்கள்.

ஆசிட் விற்றது பாய்தான். சைக்கிளின் இரண்டு பக்கமும் மரப்பெட்டி கட்டி, பினாயில், சோப்புத் துண்டு, ஆசிட் எல்லாம் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சந்தைக்குப் போவார். ஒல்லியான மனிதர். அவர் விரல் நகங்கள் மஞ்சள் பூத்துக் கிடக்கும். யாருக்கு ஆசிட் ஊற்றிக் கொடுத்தாலும் ஒரே வாசகத்தைச் சொல்லுவார், மந்திரம் மாதிரி.

"பாத்துப் பக்குவமுங்க. தனியா வைங்க. இதுக்குத் தொணை ஆகாதுங்க."

பிள்ளைகள் நாங்கள் அதைச் சொல்லி விளையாடுவோம். ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தால் போதும், "தனியா வைங்க, இதுக்குத் தொணை ஆகாதுங்க" என்று கூவிக்கொண்டு ஓடுவோம். பாய் காதில் விழும். "நல்லாச் சொல்லுங்க சாமி, மனப்பாடம் ஆகட்டும்" என்பார். எனக்கு மனப்பாடம்தான் ஆனது.

அந்தக் கோடையை நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கிணறெல்லாம் கல் தெரிந்தது. குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், அதுவும் நூல் மாதிரி. பாயம்மா வீட்டில் ஏழு பித்தளைக் குடம், கல்யாணச் சீர். புளி போட்டுத் துலக்கி, சுவரோரம் வரிசையாக நிரப்பி வைத்திருப்பார். நாலு நாளும் குடிக்க, சமைக்க, தொழுகைக்குக் கை கால் கழுவ எல்லாம் அதற்குள்தான். எங்கள் வீட்டில் மூன்று குடம். நான் சொல்லப்போகிற வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் ஒரு சொம்புத் தண்ணீரைத் தட்டிவிட்டேன். அம்மா அகப்பைக் காம்பால் முழங்காலுக்குக் கீழே இரண்டு வைத்தார். "தண்ணிய ஊத்துவியா? இனி ஊத்துவியா?" அந்த அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வரும்.

ஐந்தாவது வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லவில்லையே. கோழிப்பண்ணை ஒன்றில் முட்டை பார்க்கிற வேலை அவருக்கு. இருட்டறையில் ஒரு மரப்பெட்டி, உள்ளே பல்பு, முன்னால் முட்டையளவு ஓட்டை. ஒவ்வொரு முட்டையாக எடுத்து அந்த ஓட்டையில் பிடித்து, விரலால் ஒரு சுழற்று. உள்ளே இரத்தப் புள்ளி இருக்கிறதா, ஓட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று ஒரு நொடியில் சொல்ல வேண்டும். ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முட்டைக்குள் செவ்வெளிச்சமாக ஓர் உலகமே மிதந்தது. எனக்கு எல்லா முட்டையும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

"எப்படிக்கா தெரியுது?"

"கண்ணுதான் சாமி சோறு போடுது எனக்கு. கையும் காலும் சும்மா கூட வருது."

அந்தப் பழக்கம் அவருக்கு வீட்டிலும் வந்துவிட்டது. எதைக் கையில் எடுத்தாலும், கத்தரிக்காயோ, மருந்துச் சீசாவோ, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். "மாப்பிள்ளையையும் இப்படித்தான் தூக்கிப் பாத்தியா?" என்று பெரியம்மா கேலி செய்வார். "அவரு கனமுங்க, தூக்க முடியல. அதான் ஏமாந்துட்டேன்" என்பார் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் முறை முடிகிற நாள். சீசா பாதிக்குக் கீழே இருந்தது. பாய் சந்தைக்குப் போய்விட்டார், பொழுது சாயத்தான் வருவார். குழாயடியில் தண்ணீர் வருகிறது என்று யாரோ கத்த, அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினார். ஓடுகிற ஓட்டத்தில் திரும்பி என்னிடம் சொன்னார்.

"சாமி, பெரியம்மா கட்டிலப் போட்டுட்டாங்க. சீசாவ எதையாச்சும் ஊத்தி நெரப்பிக் கொண்டுபோய்க் காட்டிட்டு, அக்கா ஊட்டு வாசல்ல வெச்சுரு. நான் ஓடி வாரேன்."

எதையாச்சும். அம்மா சொன்னது தண்ணீரை. இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு முழங்காலுக்குக் கீழே இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. தண்ணீரைத் தொட்டால் மறுபடி அகப்பைக் காம்பு. அதுவும் போக, தண்ணீர் கலந்து கொடுப்பது ஏமாற்று வேலை என்றும் தோன்றியது. பின்கட்டில் அப்பாவின் பழைய பெயின்ட் டப்பா ஒன்று இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் போடச் சொல்லிப் பஞ்சாயத்து ஆள் கொடுத்துவிட்டுப் போன பிளீச்சிங் பவுடர் அதில் கட்டி தட்டிக் கிடந்தது. அதுவும் சுத்தம் செய்கிற சாமான், இதுவும் சுத்தம் செய்கிற சாமான். இரண்டும் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தம். என் மூளை அவ்வளவுதான் போயிற்று. அந்த வீடியோக்காரரின் மூளையும் அங்கேதான் நிற்கிறது. அவரை நான் குறை சொல்லவில்லை.

போட்டதும் சீசா சீறியது. இளம்பச்சையாகப் புகை மாதிரி ஒன்று எழுந்து மூக்கில் ஏறியது. நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுப் பிழிந்ததுபோல் இருமினேன், கண்ணில் நீர் கொட்டியது. நெடி வெளியே போனால் பெரியம்மா மூக்கு கண்டுபிடித்துவிடும் என்று பயந்து, பாவாடை நுனியால் மூடியைப் பிடித்து என் பலமெல்லாம் கூட்டித் திருகினேன். சத்தம் நின்றது. உள்ளே நுரை கழுத்து வரை ஏறியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த சீசா.

பெரியம்மா கட்டிலில் இருந்தபடியே பார்த்தார்.

"ம். இன்னிக்கித்தான் உங்கம்மாளுக்கு மனசு வந்திருக்குது. கொண்டுபோய் வையி."

அக்கா வீட்டு வாசலில் நல்ல வெயில். சீசாவை வைத்தபோது அது லேசாகச் சுட்டது. வெயில் சூடு என்று நினைத்தேன். மூடிய வாய்க்குள் இரண்டு சரக்கு சண்டை போட்டால் ஆவி கிளம்பும், கிளம்பின ஆவிக்குப் போக வழி வேண்டும், வழி இல்லையென்றால் அது கண்ணாடியைப் பார்க்காது, ஆளைப் பார்க்காது என்று யார் எனக்குச் சொன்னார்கள்? பாய் சொன்னார். நான்தான் அதை விளையாட்டுப் பாட்டாக்கி வைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா பண்ணையிலிருந்து மதியச் சோற்றுக்கு வந்தார். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து சீசாவை எடுத்தார். எப்போதும் போலச் சூரியனுக்கு நேராகத் தூக்கினார். விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றினார். புருவத்தைச் சுருக்கி, முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

சத்தம் கேட்டதும் லைனில் இருந்தவர்கள், குழாயடியில் நின்றவர்கள் எல்லாரும் சாலையைப் பார்த்து ஓடினார்கள். நம் ஊர்ப்பக்கம் வெடிச்சத்தம் என்றால் லாரி டயர்தான். "எந்த வண்டிடா? முன் டயரா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே ஓடினார். அத்தனை பேரும் சாலையில் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, வாசலில் அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டிருந்தார். முதலில் சத்தமே வரவில்லை அவருக்கு. பிறகு வந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

எனக்கு மட்டும்தான் தெரியும் அது டயர் இல்லையென்று. நான் அசையவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன்.

கூட்டம் திரும்பி வந்தது. ஆளுக்கொரு வைத்தியம்.

"வெளக்கெண்ணெ கொண்டாங்க!"

"தாய்ப்பால் விடோணுமுங்க. பால் குடுக்கறவ யாராச்சும் பக்கத்துல இருக்காளா?"

"தண்ணிய மட்டும் காட்டீராதீங்க. தண்ணி பட்டா பொங்கிப் போயிரும், கண்ணு வெந்துரும்" என்றார் பெரியம்மா. "நான் சொன்னாத் தப்பாச் சொல்லுவனா?"

பாயம்மா அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தார். தலைமுக்காடு நழுவிக் கிடந்தது, அதைச் சரிசெய்யவில்லை. கையில் ஒரு குடம்.

"தள்ளுங்க அல்லாரும்! எண்ணெயுங் கிண்ணெயும் வேண்டாம். எங்கூட்டுக்காரரு கையில தெறிச்சா என்ன பண்ணறாரோ அதத்தான் நான் பண்ணறேன். தண்ணி. தண்ணியத் தவர ஒண்ணும் கெடையாது."

அக்காவின் தலையை மடியில் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். ஒரு குடம் தீர்ந்தது. "இன்னொண்ணு!" என்று கத்தினார். யாரும் நகராததால் தானே எழுந்துபோய் எடுத்துவந்தார். இரண்டு, மூன்று. அன்றைக்குத்தான் பிடித்து வைத்த நாலு நாள் தண்ணீர் வாசல் மண்ணில் ஓடி, சாக்கடைக்குப் போனது. "பாத்து ஊத்தம்மா, அப்பறம் குடிக்க?" என்று யாரோ சொன்னார்கள். பாயம்மா நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்த ஆள் பின்னால் போய்விட்டார். ஏழாவது குடம் தீர்ந்தபோது என் அம்மா எங்கள் மூன்று குடத்தையும் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் மாட்டு வண்டி வந்துவிட்டது. வண்டியிலும் ஊற்றிக்கொண்டே போனார் பாயம்மா.

வலது கண் பிழைத்தது. தண்ணீர் ஊற்றியதால்தான் அதுவாவது பிழைத்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இடது கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் எருமப்பட்டியிலிருந்து சொந்தக்காரர் வந்தார். பூட்டிய வீட்டு வாசலில் எல்லாரும் கூடினார்கள். பாய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். விட்டால் விழுந்துவிடுவார் போல.

"எதையோ கலந்து விக்கறான். அதான் வெடிக்குது" என்றார் பெரியம்மா. "நான் சொன்னாத் தப்பாச் சொல்லுவனா?"

"ஏனுங்க," என்றார் பாய் சொந்தக்காரரைப் பார்த்து, "இதே சரக்குதானுங்க சேந்தமங்கலம் பூரா ஊத்தியிருக்கேன், உங்க எருமப்பட்டிக்கும் ஊத்தியிருக்கேன். எங்கயாச்சும் ஒரு சீசா வெடிச்சுதுங்களா? ஒண்ணே ஒண்ணு?"

நியாயமான கேள்வி. கூட்டம் தொண்டையைச் செருமிக்கொண்டது. பாயம்மா முன்னால் வந்தார்.

"அந்தச் சீசா கடைசியா எந்த ஊட்டுல இருந்து வந்துச்சு? மொதல்ல அதக் கேளுங்க."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் என் எலும்பில் பதிகிற பிடி.

"நான் பாய்கிட்ட வாங்குனத வாங்குனபடி குடுத்தேனுங்க. ஒரு சொட்டு சேக்கல."

பொய் என்று சொல்ல முடியாது. அம்மா ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. பாயம்மா அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்பா பின்னால் நின்று, நகத்திலிருந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர் கெட்டவர் இல்லை. அலுத்துப்போன மனிதர். "எதுக்குங்க பாய் வம்பு? அந்தப் புள்ள கண்ணு போயிருச்சு, நாளைக்கு லாரிக்காரன் வந்தா நாலு ஆளக் கூட்டிட்டு நிப்பான். வேற ஊடு பாத்துக்கங்க" என்றார். அந்த வாரமே அவர்கள் போய்விட்டார்கள். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அத்தோடு முறை சீசாவும் ஒழிந்தது. அவரவர் வீட்டில் அவரவர் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சீசா வெடித்த மறுநாளே பின்கட்டில் அந்தப் பெயின்ட் டப்பாவைக் காணோம். டப்பா கிடந்த இடத்தில் மண் ஈரமாக, புதிதாகக் கொத்தி மூடியிருந்தது. அம்மாவுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் அம்மா இருந்தார்; நான் கட்டிக்கொண்டு போகும்வரை ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம், போன பிறகும் மாசம் ஒரு தடவை பார்த்துக்கொண்டோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா போன பிறகு யாரிடம் பேசுவது என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீடியோ வந்தது. மறுநாள் காலையில் டவுன் பஸ் ஏறி அயோத்தியாப்பட்டணம் போனேன். அக்கா அங்கே மகனோடு இருக்கிறார் என்று ஒரு கல்யாணத்தில் கேள்விப்பட்டு வருஷம் பல ஆகிறது. என் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். போகாமலே இருந்திருக்கிறேன்.

கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை பூராவும் வெளுப்பு.

"யாரு சாமி?"

"சேந்தமங்கலம் ரோட்டு லைன் வீடுக்கா. நாலாவது ஊட்டுப் புள்ள."

"சீசா கொண்டாந்து வெச்ச புள்ளயா?"

உட்காரச் சொல்வதற்கு முன்னால் வந்தது அந்தக் கேள்வி. நான் நின்றபடியே சொன்னேன். "அதுல போட்டது நான்தாங்க்கா."

"தெரியுமே."

வெங்காயத் தோலை முறத்தில் உதறிவிட்டு, ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி போலச் சொன்னார். "தூக்கிப் பாத்தேனில்ல? அடியில வெள்ளை வெள்ளையாக் கட்டி கெடந்துச்சு. முட்டைக்குள்ள புள்ளி கண்டுபுடிக்கறவளுக்கு அது தெரியாதா? என்ன கருமம் இதுன்னு இன்னும் கிட்டக் கொண்டாந்தேன். அவ்வளவுதான்."

"அப்ப ஏங்க்கா சொல்லல?"

"உங்கம்மா ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. எனக்கு ரெண்டு கண்ணுலயும் கட்டு. மொகந் தெரியல, என் காலப் புடிச்ச கை மட்டுந் தெரிஞ்சுது. பொட்டப்புள்ள, நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கோணும், வாயத் தொறந்துறாத அம்மிணின்னு அழுவுது. நானும் சரின்னேன். பாய் தலையில போய் உளுகும்னு நெனைக்கல சாமி. ஊட்டுக்குத் திரும்பி வந்து பாத்தா ரெண்டாவது ஊடு தொறந்து கெடக்குது, உள்ள ஒரு சாமான் இல்ல."

"அப்பறமாவது..."

"அப்பறம் யாருகிட்டச் சொல்ல? சொல்ல வேண்டிய ஆளுதான் போயிருச்சே."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வெங்காயம் உரித்தோம். பண்ணையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்டேன். "முட்டை பாக்க ஒத்தக் கண்ணு போதும்னு நான் சொன்னேன். அவிய போதாதுன்னுட்டாங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு சமையலறை மூலையைக் காட்டினார். ஒரு பித்தளைக் குடம். துலக்கித் துலக்கி மெலிந்து, ஒரு பக்கம் நசுங்கி, உள்ளே தண்ணீர் ததும்பி நின்றது.

"அவிய போற அன்னிக்கு எம்பட வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்குது அந்தம்மா. நெரப்பி. ஆஸ்பத்திரில இருந்து வந்தாக் கண்ணு கழுவத் தண்ணி வேணுமாம், பெரியம்மாகிட்டச் சொல்லிட்டுப் போச்சாம். ஊட்ட உட்டுத் தொரத்தறாங்க, அப்ப வந்து நெரப்பி வெச்சுட்டுப் போவுது பாரு. இன்னிக்கு வரைக்கும் இதக் காலியா வெச்சதில்ல நான்."

குனிந்து பார்த்தேன். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது, எல்லார் வீட்டுச் சீர்ப் பாத்திரத்திலும் வெட்டுவதுபோல. பாதி தேய்ந்துவிட்டது. விரலால் தடவித் தடவிப் படித்தேன். அழகான பேர். ஒரு தாழ்வாரத்தில் அத்தனை நாள் குடியிருந்தோம், பாயம்மா என்பதைத் தாண்டி அவரை ஒன்றும் கூப்பிட்டதில்லை, கேட்டதும் இல்லை. அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை.

"நீ எடுத்துட்டுப் போ," என்றார் அக்கா. "எனக்கு நடமாட்டம் போச்சு. அவிய ஆளுங்க யாராச்சும் கெடச்சாக் குடு. யாரு போட்டதுன்னு சொல்லிக் குடு. ஒண்ணு மட்டும் சாமி, வெறுங்கொடமாக் குடுத்துறாத."

பஸ்ஸில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டேன். "ஏம்மா, இந்தக் காலத்துல தண்ணிக் கொடத்தோடயா?" என்றார் கண்டக்டர். ஒவ்வொரு வேகத்தடைக்கும் தளும்பிச் சேலை நனைந்தது. வீடு வந்து சேர்ந்தபோது பாதிதான் இருந்தது.

அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்களுக்கு நாமக்கல் பக்கம் நாலு ஊர் ஆட்களைத் தெரியும். அந்தக் காலத்தில் சைக்கிளில் இரண்டு மரப்பெட்டி கட்டி, சந்தை சந்தையாகப் பினாயிலும் ஆசிடும் விற்ற ஒல்லியான பாய் ஒருவர். நகம் மஞ்சளாக இருக்கும். "தனியா வைங்க, இதுக்குத் தொணை ஆகாதுங்க" என்பார். அவர் பிள்ளையோ பேரனோ எங்காவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த வீடியோவை அழித்துவிடுங்கள். யாராவது ஏற்கெனவே கலந்து மூடி வைத்திருந்தால் தொடாதீர்கள், திறந்து பார்க்கிறேன் என்று கிட்டப் போகாதீர்கள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு தூரமாக வந்துவிட்டு, விவரம் தெரிந்தவர்களுக்குப் போன் போடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் குழாயில் தினமும் தண்ணீர் வருகிறது. குடத்தைச் சமையலறையில் வைத்து, கழுத்து வரை நிரப்பினேன். மருமகள் தட்டு ஒன்றை எடுத்துவந்து மூடப் போனாள். வேண்டாம் என்றேன்.